தொடுகிற எல்லை

கனகராயன்குளம் தாண்டியதும் சுதாஜினியின் உதடுகள் அசையத் தொடங்கிவிடும். கண் மூடியிருக்கும். வலக்கைச் சுட்டுவிரல் மடியில் இருக்கும் கைப்பையின் மேல் ஒரு வட்டம் போடும். வட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி குத்தும். பிறகு அங்கிருந்து கிளம்பி, வளைந்து நெளிந்து எங்கேயோ போய், தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும். ஓமந்தையில் பேருந்து நின்று ஆட்கள் ஏறி இறங்கினாலும் விரல் நிற்காது. பக்கத்து இருக்கையில் புதிதாக வந்து இருப்பவர்கள் முதலில் அவளைப் பெரிய பக்தி உள்ளவள் என்று நினைப்பார்கள். வாயில் வருவது தேவாரம் இல்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் தள்ளி இருப்பார்கள்.

பல்கலைக்கழகத்துக்குப் போய்வரும் அவளை நடத்துநர் சங்கிலிக்குப் பல வருடப் பழக்கம். தயங்கி நிற்கிற ஆட்களுக்கு அவனே விளக்கம் சொல்லி இருத்துவான்.

"பயப்பிடாமல் இருங்கோ அம்மா. அவா கம்பஸில கணக்குப் படிப்பிக்கிறவா. கணக்கைப் பாடமாக்கிறா. ஆளை ஒண்டும் செய்யமாட்டா."

"பாடமாக்கேல்லை சங்கிலி. பிழை பாக்கிறன்," என்பாள் சுதாஜினி, கண்ணைத் திறக்காமலே.

அது உண்மை. ஒரு தேற்றத்தின் நிறுவலைத் தாளில் எழுதி முடித்தவுடன் அவள் அதை நம்புவதில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, எதிரில் ஒரு ஆள் இருந்து கேட்பதுபோல, வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும். "எழுதேக்க கை தன்ர பாட்டில ஓடிடும். வாய்க்கு அப்பிடி ஏலாது. பொய்யான இடம் வந்தால் தடக்கும்" என்பது அவளுடைய கொள்கை. கேட்கிற ஆள் யாராக இருந்தாலும் பரவாயில்லை. தொழுவத்தில் நிற்கும் கன்றுக்குட்டிக்குச் சொல்லியிருக்கிறாள். கத்தரிக்காய் நறுக்கும்போது கத்தரிக்காய்க்குச் சொல்லியிருக்கிறாள். எல்லோரையும் விட அதிகம் கேட்டது அவள் கணவன் ரஜிதனின் முதுகு. வவுனிக்குளத்தில் வீடு, காலையில் மோட்டார் சைக்கிளில் அவளை ஏற்றிக்கொண்டு வந்து மாங்குளம் சந்தியில் இறக்கிவிடுவது அவன் வேலை. வழி நெடுக அவள் பின்னால் இருந்து சொல்லிக்கொண்டு வருவாள்.

"பட்டம் குடுக்கிறதெண்டால் என்ர முதுகுக்கும் ஒண்டு குடுக்க வேணும்," என்பான் ரஜிதன். "என்னட்டைக் கேள்வி கேட்டால் தெரியாது. முதுகுக்கு எல்லாம் தெரியும்."

அவளுக்கு வயது நாற்பத்து நான்கு. தகப்பன் வேலணையிலிருந்து வவுனிக்குளத்துக் குடியேற்றத்துக்கு வந்து காடு வெட்டியவர். படித்தது, படிக்க வேண்டிய வயதில் படிக்க முடியாமல் போனது, பிறகு படித்தது என்று அவளுடைய கல்வி துண்டு துண்டாக நடந்தது. இடையில் போன வருடங்களைப் பற்றி யாராவது கேட்டால், "அது தெரிஞ்சதுதானே" என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவாள். மற்றவர்கள் இளவயதில் முடிக்கிற கலாநிதி ஆய்வுப் பட்டத்தை இந்த வயதில் செய்துகொண்டிருப்பது பற்றி அவளுக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. விரிவுரை, வீடு, வயலுக்குச் சோறு, நடுவில் கிடைக்கிற நேரத்தில் ஆராய்ச்சி.

அவள் ஆராய்வது சிக்கலெண்களின் சார்புகளை. அதிலும் அவற்றின் கேத்திரகணிதப் பக்கத்தை. இப்படிச் சொன்னவுடன் கேட்டவர்களின் முகம் இறுகிவிடுவதைப் பார்த்துப் பழகியதால் குசினியிலிருந்து தொடங்குவாள்.

"ரொட்டிக்கு மாவை வட்டமாத் தட்டுறியள். பிறகு அதை இழுக்கிறியள். நீட்டலாம், வளைக்கலாம், ஒரு பக்கத்தைத் தும்பிக்கை மாதிரிக் கொண்டுபோகலாம். ரெண்டே ரெண்டு கட்டளை. கிழியக்கூடாது. ஒண்டுக்கு மேல ஒண்டு மடியக்கூடாது. இவ்வளவுதான் என்ர படிப்பு."

மீதியையும் கேட்கப் பொறுமை உள்ளவர்களுக்கு மேலும் சொல்வாள். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு எண் வரிசை உண்டு. குணகங்கள் என்று பெயர். வட்டம் என்ன உருவமாக மாறியது என்பதைக் கண்ணால் பார்க்காமலே அந்த எண்களிலிருந்து அறிந்துகொள்ளலாம். மடியக்கூடாது என்று கட்டளை போட்டவுடன் அந்த எண்களால் இஷ்டத்துக்குப் பெரிதாக முடியாமல் போகிறது. எவ்வளவு தூரம் பெரிதாகலாம், எங்கே நின்றுவிட வேண்டும்? அந்த எல்லையைச் சொல்வதுதான் அவளுடைய தொழில்.

ஆனால் ஏதோ ஒரு எல்லையைச் சொன்னால் போதாது. இதில்தான் அவளுக்கும் அரைகுறையாக எழுதுபவர்களுக்கும் தீராத பகை. ஒரு மாணவன் ஒருமுறை தளர்வான ஒரு எல்லையை நிறுவிக்கொண்டு வந்து நின்றான். மேலும் கீழும் பார்த்தாள்.

"உம்மட உயரம் நூறு அடிக்குள்ள எண்டு நானும் ஒரு தேற்றம் எழுதலாம். பிழையோ?"

"பிழையில்லை மிஸ்."

"ஆருக்குப் பிரயோசனம்?"

அவன் கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தான்.

"எல்லையெண்டால் ஆராவது ஒராள் வந்து அதில முட்டிக்கொண்டு நிக்க வேணும். முட்டுற சார்பைக் காட்டும். பிறகு எல்லையெண்டு சொல்லும்."

இந்தக் குணம் வீட்டுக்குள்ளும் வரும். 'கிட்டத்தட்ட' என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் இடமில்லை. கிட்டத்தட்ட ஆறு மணிக்கு வருவேன் என்று ரஜிதன் சொன்னால், ஆறுக்கு முந்தாதோ, ஆறுக்குப் பிந்தாதோ என்று கேட்பாள். தையற்காரி சட்டைக்கு அளவெடுத்துவிட்டு, கொஞ்சம் விட்டுத் தைக்கிறேன் அக்கா என்றால், ஏன் விட வேண்டும் என்று ஒரு விளக்கம் கேட்பாள். தையற்காரிக்கு அவள் வருவது தெரிந்தாலே தலையிடி.

அப்பேர்ப்பட்டவள் ஒரு வரியை மட்டும் யோசிக்காமல் எழுதிவிட்டாள்.

அந்தத் துறையில் ஒரு குறுக்குவழி உண்டு. வட்டத்தைச் சுழற்றினாலும் வட்டம்தான். இழுத்த மாவைச் சுழற்றினாலும் புதிதாகக் கிழிசலோ மடிப்போ வராது. ஆகவே ஒரு குணகம் எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாலும், முழுவதையும் கொஞ்சம் சுழற்றி அதை நேராக்கிவிடலாம். சிக்கலெண்ணாக இருந்தது சாதாரண மெய்யெண்ணாகிவிடும். கணக்கில் பாதி குறைந்துவிடும். 'பொதுமை குன்றாமல் இந்தக் குணகத்தை மெய்யெண் என்று கொள்வோம்' என்று எழுதிவிட்டு மேலே போவார்கள். சாப்பிடுவதற்கு முன் கை கழுவுவதுபோல எல்லோரும் செய்கிற காரியம். அவள் வாயில் அந்த வரி எத்தனை தரம் வந்ததோ, ரஜிதனும் பிடித்துக்கொண்டான். "பொதுமை குன்றாமல் இண்டைக்கும் கத்தரிக்காய்தானே?" என்று சட்டி மூடியைத் திறக்காமலே கேட்பான்.

அவளுடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் ஒரு தனி வகையான உருவங்களைப் பற்றியது. உருவத்தின் எந்த இடத்தில் வடக்குத் தெற்காக ஒரு கோடு போட்டாலும் கோடு உள்ளே ஒரே துண்டாக இருக்க வேண்டும். வெளியே போய் மறுபடி உள்ளே வரக்கூடாது. ரஜிதனின் வாய்க்காலோரத் துண்டு வயல் அப்படிப்பட்டது. பார்வைக்குக் கோணல்மாணல். ஆனால் வடக்குத் தெற்காக உழுதால் உழவு மெசின் ஒரு வரம்பில் தொடங்கி மறு வரம்பில்தான் முடிக்கும். நடுவில் எங்கும் வரம்பு தாண்டத் தேவையில்லை. கிழக்கு மேற்காக உழுதால் பக்கத்துக் காணிக்குள் போய்த்தான் திரும்பி வர வேண்டும். இந்த வகை உருவங்களின் முதல் சில குணகங்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு கோவை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு நான்கு வருடம் உழைத்து ஒரு எண்ணைக் கண்டுபிடித்திருந்தாள். அந்த எண்ணை முட்டுகிற சார்பும் கையில் இருந்தது. பட்டம் முழுவதும் அந்த அத்தியாயத்தின்மேல்தான் நின்றது.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் கணினி வழியாக ஒரு கருத்தரங்கு. வீட்டு மண்டபத்துக் கதிரையில் இருந்துகொண்டு, ரஜிதன் மாட்டை அவிழ்க்கப் போன நேரத்தில், தேற்றத்தைச் சொல்லி முடித்தாள். பாராட்டினார்கள். கடைசியாகத் தமிழ்நாட்டிலிருந்து பேராசிரியர் ஆண்டியப்பன் பேசினார். இந்தத் துறையிலேயே தலை நரைத்தவர். அதட்டத் தெரியாத மனிதர்.

"அம்மா, ரொம்ப நல்லா இருந்தது. ஒரே ஒரு சின்ன சந்தேகம். ரெண்டாவது பக்கத்துல சுழற்றி மெய்யெண் ஆக்கிட்டீங்க. இந்த வகுப்பு சுழலாதே?"

திரையின் மூலையில் அவளுடைய முகமும் ஒரு சிறு பெட்டிக்குள் தெரிந்தது. வாய் திறந்திருந்ததை அவளே பார்த்தாள். வாதாட ஒன்றும் இருக்கவில்லை. வயலைச் சுழற்றினால் வடக்குத் தெற்கு சரிந்துவிடும். சரிந்தால் உழவு மெசின் வரம்பைத் தாண்டும். மற்ற எல்லா வகுப்பிலும் சுழற்றிச் சுழற்றிப் பழகிய கை, சுழற்றவே கூடாத ஒரு வகுப்பைச் சுழற்றிவிட்டது. புதிதாக வருகிற ஒருவனுக்கு இந்தக் குறுக்குவழியே தெரிந்திருக்காது. நேர்வழியில் போய்த் தப்பியிருப்பான். இது இந்தத் துறையில் ஊறியவர்கள் மட்டும் விடக்கூடிய பிழை.

"ஓம் சேர். சுழலாது," என்றாள்.

இரவு ரஜிதனுக்குச் சொன்னாள். அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். வயலை வைத்துச் சொன்னதால் விளங்கியது.

"வயலைத் திருப்பினால் மெசினையும் சேர்த்துத் திருப்ப வேண்டியதுதானே," என்றான் ஆறுதலாக.

"மெசினைத் திருப்ப ஏலாதப்பா. வடக்குத் தெற்கெண்டு முதல் வரியிலேயே எழுதிக் குடுத்திட்டன்."

"ஆர் உம்மை அப்பிடி எழுதச் சொன்னது?"

சுதாஜினி அவன் தட்டில் இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டாள்.

பதிவுக் காலம் ஏற்கனவே ஒருமுறை நீட்டப்பட்டிருந்தது. இனி நீட்ட மாட்டார்கள். மார்கழி முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பட்டம் இல்லை. மேற்பார்வையாளர் நல்ல மனதோடு ஒரு வழி சொன்னார். தேற்றத்தின் தொடக்கத்தில், 'இந்தக் குணகம் மெய்யெண்ணாயின்' என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்துவிட்டால் முழுவதும் சரியாகிவிடும். பொய் ஒன்றும் இல்லை. பலரும் செய்வதுதான்.

அன்று மத்தியானம் அதை ஸாஜிதாவிடம் சொன்னாள். ஸாஜிதா புள்ளிவிவரவியல் விரிவுரையாளர். இருவருக்கும் ஒரே அறை. தண்ணீரூற்றைச் சொந்த ஊராகக் கொண்டவள். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, குடும்பம் திரும்பி வந்தபோது கூடவே வந்தவள். சுதாஜினியின் கணிதத்தில் ஒரு வரியும் அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

"போட்டுட்டுக் குடுங்களேன் அக்கா. பட்டம் வந்த பிறகு மிச்சத்தப் பார்க்கலாம்."

"வந்த பிறகு நான் பாக்கமாட்டன். என்னை எனக்குத் தெரியும். காணியில முக்கால்வாசியை வெளியால விட்டு வேலியைப் போட்டுட்டு, உள்ளுக்கு நிக்கிற மரமெல்லாம் எண்ணிப்போட்டன் எண்டு சொல்லுறதோ?"

"வேலி போட்டாலும் காணி காணிதானே."

"முட்டுற ஆள் வேலிக்கு வெளியால நிண்டால்?"

ஸாஜிதா தேநீரை ஊற்றி ஒரு கோப்பையை அவள் பக்கம் தள்ளினாள். பிறகு, இதைச் சொல்லலாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, கோவிக்காதீங்க. பிழையான இடத்தில வாய் தடக்கும் எண்டு நீங்க சொல்வீங்கதானே. தடக்கிறதில்ல. நீங்க ஓடுறீங்க. அந்தப் 'பொதுமை குன்றாமல்' வரியை நீங்க ஒரு நாளும் மூச்சு விட்டுச் சொன்னதில்ல. நான் கணக்கக் கேட்கிறதில்ல, சத்தத்தத்தான் கேட்கிறன்."

சுதாஜினி கோபித்தாள். அந்த வாரம் முழுவதும் தேநீரைத் தானே கொண்டுவந்து தானே குடித்தாள். அடுத்த திங்கட்கிழமை கதவைச் சாத்திவிட்டு ஸாஜிதாவுக்கு எதிரில் கதிரையை இழுத்துப் போட்டாள்.

"இரும். முதலில இருந்து சொல்லுறன். நான் ஓடுற இடத்தில பேனையைத் தூக்கும். வேற ஒண்டும் சொல்லத் தேவையில்லை."

அப்படித் தொடங்கியது. விரிவுரை இல்லாத பின்னேரங்களில் சுதாஜினி சொல்வாள். ஸாஜிதா விடைத்தாள் திருத்திக்கொண்டே காதைக் கொடுப்பாள். பேனை உயரும். சுதாஜினி நிற்பாள், திரும்பிப் போவாள், அந்த வரியை அவிழ்த்துப் பார்ப்பாள். சில இடங்களில் ஓடியதற்குக் காரணம் வெறும் அலுப்பு. சில இடங்களில் இல்லை. அவளுக்கு அப்போது ஒரே ஒரு ஆசைதான். குணகத்தைச் சுழற்றாமல், அது பார்க்கிற திசையிலேயே விட்டு, நேர்வழியில் போனாலும் பழைய எண்ணே எல்லையாக நிற்க வேண்டும். நான்கு வருட எண். அதன்மேல் பாசம் வந்துவிட்டது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு பின்னேரம்.

"குணகம் சரிஞ்சு நிக்கேக்க இந்த ரெண்டு உறுப்பும் ஒண்டையொண்டு எதிர்த்து இழுக்கும், அதால கூட வராது, அடுத்தது..."

பேனை உயர்ந்தது.

"அது தெளிவு ஸாஜிதா."

பேனை இறங்கவில்லை.

"எதிர்த்துத்தான் இழுக்கும். மெய்யெண்ணில அப்பிடித்தானே வந்தது."

"மெய்யெண்ணில," என்றாள் ஸாஜிதா, தாளிலிருந்து நிமிராமல்.

சுதாஜினி எழுந்து பலகைக்குப் போனாள். குணகத்தைச் சரித்தாள். கொஞ்சம் சரித்தபோது இரண்டு உறுப்புகளும் எதிர்ப்பைக் குறைத்தன. இன்னும் சரித்தபோது இரண்டும் ஒரே பக்கம் திரும்பின. எதிரெதிராக இழுத்துக்கொண்டு நின்ற இரண்டு மாடுகள் ஒரு வண்டிக்குச் சேர்ந்ததுபோல. கணக்கிட்டாள். மறுபடி கணக்கிட்டாள். வந்த விடை அவளுடைய எண்ணைவிடப் பெரியது.

ஸாஜிதா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன அக்கா?"

"செத்துப்போச்சு."

"என்ன செத்தது?"

"என்ர தேற்றம். நிபந்தனை போட்டுக் குடுத்திருந்தால் அரைவாசிப் பொருளைத்தான் குடுத்திருப்பன். எல்லை அங்க இல்லை."

ஸாஜிதா அல்லாஹ்வே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு தேநீர்ப் போத்தலைத் தேடினாள். திரும்பிப் பார்த்தால் சுதாஜினி சிரித்துக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு, பலகையில் இருந்த சார்பைச் சுற்றி ஒரு கோடு போட்டாள்.

"ஆனா கொலைகாரனைப் பிடிச்சிட்டன். இஞ்ச நிக்கிறார். இவரைவிடப் பெரியவர் ஆரும் இல்லையெண்டு எனக்கொரு நினைப்பு."

நினைப்பு வேறு, நிறுவல் வேறு. மிச்சமிருந்த நாட்கள் அதற்குப் போயின. இப்போது கணக்கில் ஒரு கோணமும் சேர்ந்துகொண்டது. பழைய முறை எதுவும் பிடி கொடுக்கவில்லை. வீட்டில் சமையலை ரஜிதன் பார்த்தான். அவனுக்குத் தெரிந்தது கூழும் சம்பலும். மழைக்கு வயலில் தண்ணீர் கூடிவிட, வரம்பை வெட்டிவிட்டுச் சேற்றுக் காலோடு வந்து அடுப்பை மூட்டுவான். "எல்லை பிடிபட்டுதோ?" என்று கேட்பான். இல்லையென்று தலையாட்டுவாள். "பொதுமை குன்றாமல் இண்டைக்கும் கூழ்" என்பான். அவள் மறுபேச்சில்லாமல் குடிப்பாள்.

மார்கழியில் ஒரு காலை. தூறல். ரஜிதன் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஓட்ட, பின்னால் இருந்து அவள் முதுகுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். மாங்குளம் வீதியில் காடு நெருங்குகிற இடத்தில் அவன் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"நிப்பாட்டுங்கோ."

அவன் நிறுத்தியதும் முதலில் இரண்டு பக்கமும் காட்டைத்தான் பார்த்தான். "எங்க யானை?"

"யானை இல்லை."

இறங்கி வீதியோரத்தில் நின்றாள். தலையில் மழை. விரல் காற்றில் ஒரு வட்டம் போட்டது. நின்ற நிலையிலேயே, இரண்டு பேருக்கு நடுவில் கதைப்பதுபோலச் சாதாரணமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். கோணத்தைத் தனியாகப் பிடிக்க முயன்றதுதான் இத்தனை நாளும் நடந்த பிழை. கோவையை வேறு மாதிரி அடுக்கினால் கோணம் ஒரே ஒரு இடத்தில்தான் வரும். அந்த இடத்தில் அதன் மிகப் பெரிய மதிப்பு என்னவென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மற்றது எல்லாம் தானாக அடங்கிவிடும். சொல்லி முடித்துவிட்டு, அதையே முதலிலிருந்து மறுபடியும் சொன்னாள். எங்கும் ஓடவில்லை.

ரஜிதன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கால் இரண்டையும் தார் வீதியில் ஊன்றியபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

"இனி ஒண்டும் மிச்சமில்லை?"

"மிச்சமில்லை."

"அப்ப ஏறும். சங்கிலி விட்டுட்டுப் போயிடுவான்."

ஏறி இருந்தாள். மாங்குளம் வரும் வரை அந்த முதுகுக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. சந்தியில் இறங்கியபோது ரஜிதன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தைக் கலியாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை என்று பிறகு ஸாஜிதாவிடம் சொன்னான். சொன்னதற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஆய்வேடு மார்கழிக்குள் போய்ச் சேர்ந்தது. பங்குனியில் பகிரங்க விளக்கவுரை வைத்தார்கள். வெளிப் பரீட்சகராக வந்தவர் ஆண்டியப்பன். யாழ்ப்பாணத்துக்குப் பறந்து வந்து, அங்கிருந்து வாகனத்தில், வெய்யிலில் களைத்து வந்திருந்தார். முதல் வரிசையில் இருந்துகொண்டு தண்ணீர் வாங்கிக் குடித்தார். மண்டபத்தில் மாணவர்கள், விரிவுரையாளர்கள். ஸாஜிதா நடுவில் பேனை இல்லாத வெறுங்கையோடு இருந்தாள். கடைசி வரிசையில் ரஜிதன், முழுக்கைச் சட்டையின் பொத்தான்களைக் கழுத்து வரை பூட்டிக்கொண்டு.

சுதாஜினி வெண்கட்டியை எடுத்தாள். படங்கள் காட்டும் கருவி தயாராக இருந்தது. அதை அவள் தொடவில்லை. பலகையின் உச்சியில் பெரிய எழுத்தில் முதல் வரியை எழுதினாள். இந்த வகுப்பு சுழலாது. ஆண்டியப்பன் தண்ணீர்க் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

முழு நிறுவலையும் பலகையில் எழுதினாள். பலகை நிரம்பினால் அழித்து மறுபடி எழுதினாள். பழைய எண்ணையும் எழுதினாள். அது எப்படி விழுந்தது, எந்தச் சார்பு அதை விழுத்தியது என்பதையும் மறைக்காமல் சொன்னாள். குணகம் சரியச் சரியக் கோவை ஏறி, ஓரிடத்தில் உச்சிக்குப் போய், பிறகு இறங்குவதைக் காட்டியபோது மாணவர்களில் ஒருவன் தன்னையறியாமல் ஓ என்றான். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

முடிந்ததும் ஆண்டியப்பன் எழுந்து பலகைக்குக் கிட்டவே வந்துவிட்டார்.

"அந்தச் சார்பு வகுப்புக்கு உள்ளதான் இருக்கா? வடக்குத் தெற்கு கோடு எங்கயும் உடையலையா?"

உருவத்தை வரைந்து காட்டினாள். ஒரு பக்கம் சாய்ந்த, கோணலான உருவம். அதற்குள் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இழுத்தாள். ஒன்றும் உடையவில்லை. ஏன் உடையாது என்பதை ஒரு வரியில் எழுதினாள்.

"சரி," என்றார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "தொடுதா அம்மா?"

சுதாஜினி பலகையின் வலது ஓரத்தில் எல்லை எண்ணை எழுதினாள். இடது ஓரத்தில் அந்தச் சார்பின் குணகங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கோவையில் இட்டாள். பெருக்கினாள், கழித்தாள், சுருக்கினாள். வரிக்கு வரி இரண்டு ஓரங்களும் நெருங்கி வந்தன. கடைசி வரியில் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே எண்.

ஆண்டியப்பன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"அவ்வளவுதாம்மா. எனக்கு வேற கேள்வி இல்ல. பழைய எண்ணோட நின்னிருந்தீங்கன்னா இது யாருக்கும் கிடைச்சிருக்காது."

எங்கோ பின்னால் ஒருவர் கைதட்டத் தொடங்கினார். அது முன்வரிசை வரை வந்தது. தலைமை தாங்கியவர் எழுந்து கதிரையைக் காட்டி, "மிஸ், நீங்கள் இனி இருக்கலாம்," என்றார்.

அவள் இருக்கவில்லை. பலகைக்குத் திரும்பினாள். நிறுவல் முடிந்தால் கணிதக்காரர்கள் கடைசி வரிக்கு அடியில் ஒரு சின்னச் சதுரம் போடுவது வழக்கம். அதைப் போட்டாள். பிறகு வெண்கட்டியைப் படுக்கையாகப் பிடித்து அந்தச் சதுரத்தை நிரப்பத் தொடங்கினாள். கைதட்டல் ஓய்ந்து, எல்லோரும் அவள் திரும்புவதற்காகக் காத்திருந்தார்கள். அவள் முதலில் நடுவை நிரப்பினாள். பிறகு கோட்டைத் தொடும்படி விளிம்புகளை. பிறகு குனிந்து, முகத்தைப் பலகைக்குக் கிட்டக் கொண்டுபோய், நான்கு மூலைகளிலும் கறுப்புத் தெரியாமல், வெண்கட்டி விரல் நுனியில் பொடியாகும் வரை, அவசரமில்லாமல் நிரப்பினாள்.